டாக்டர் சொன்ன ஒரு மணி நேர விளையாட்டு: பழைய வண்ணாரப்பேட்டையில் அதைத் தேடி அலைந்த கதை

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கொஞ்சம் ஓடியாட வைக்க வேண்டுமே என்று கவலைப்படுகிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இதற்காக என் கையை விட்டுப் போனது 20,000 ரூபாய்க்கு மேல், அதில் பெரும்பகுதிக்குப் பலன் ஏதும் இல்லை. பணம்கூடப் போகட்டும், யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் தனியாக அலைந்தேனே, அந்த நாட்கள்தான் இப்போதும் மனதைப் பிசைகின்றன. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. மாமியார் "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருந்தா என்ன இப்போ" என்று முடித்துவிட்டார். நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு வருவேன், காலையில் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். இந்த நேரக்கணக்கைச் சும்மா சொல்லவில்லை, இந்த விஷயத்தில் எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

மகளுக்கு 12 வயது, ஏழாவது. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கி நடுவில் உட்கார ஆரம்பித்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு கருப்புப் பட்டை, அழுக்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். டாக்டர் பார்த்த உடனே, இது தேய்த்துப் போகிற அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c என்கிற பரிசோதனை) 5.9 வந்தது. 5.7 தொட்டாலே சர்க்கரைக்கு முந்தைய நிலையாம், 6.5 ஆனால் சர்க்கரை நோய். நம் ஊர் ஆட்களுக்கு எடை ரொம்ப ஏறாமலேயே சர்க்கரை வந்துவிடலாம் என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன், பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று. உங்கள் பிள்ளை கழுத்தில், அக்குளில் இப்படிக் கருப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள், அந்த ஒரு பரிசோதனையை எடுத்துப் பாருங்கள்.

மாத்திரை எதுவும் வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடட்டும், சாப்பாட்டில் மைதா, ஜூஸ், பாக்கெட் தீனியைக் குறையுங்கள், இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், அதில் வாரம் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலு தருகிற மாதிரி குதித்து ஓடி விளையாட வேண்டும் என்றுதான் சொல்கிறது. மாத்திரை இல்லை என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மாத்திரை என்றால் கடையில் வாங்கிவிடலாம், அந்த ஒரு மணி நேரத்தை எங்கே போய் வாங்குவது என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். மூன்று மாதக் கட்டணம் 9,000, சீருடை 1,800, ஷூ 2,200. ஐந்து மணிக்கு வகுப்பு. பள்ளி விடுவதே நாலேகால், ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர ஐந்து இருபது ஆகிவிடும். தாமதமாக வந்தவர்கள் எல்லோரும் பார்க்க மைதானத்தைச் சுற்ற வேண்டும். உடம்பு கனத்த பிள்ளை, குழுவில் இவள் ஒருத்திதான் பெண். பின்னாலிருந்து பையன்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதை அவள் எனக்குச் சொன்னதே பல மாதம் கழித்துத்தான். சில வாரங்களில் வயிற்றுவலி, தலைவலி என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். மீதிப் பணத்தைக் கேட்டால் விதி இல்லை என்றார்கள், அந்த விதி ரசீதில் எங்கும் அச்சாகவில்லை. அதனால் எங்கே சேர்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்க நின்று பாருங்கள். இவள் வயதில் எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேளுங்கள், யாரும் இல்லை என்றால் உங்கள் பிள்ளையோடு இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டு போங்கள். பள்ளி விடும் நேரத்தையும் பயண நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து சைக்கிள், 7,200 ரூபாய். எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போனால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், டி.எச். ரோட்டில் பெரியவர்களே பயந்து பயந்துதான் ஓட்டுகிறோம். உள் தெருக்களிலோ இரண்டு பக்கமும் பைக் நிறுத்தி நடுவில் ஒரு ஆட்டோ போகத்தான் வழி இருக்கும். தூசி வேறு. சைக்கிளை 3,500க்கு விற்றேன். அப்புறம் டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம். எங்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மணிக்கு 1,200 கேட்டார்கள், பத்துப் பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் சேர்வதே இல்லை. கார்ப்பரேஷன் மைதானத்தில் மாலையில் பெரிய பையன்களின் கிரிக்கெட். 2024 அக்டோபரில் மாநகராட்சி ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றதே, நினைவிருக்கிறதா? அந்தச் செய்தியைப் படித்த அன்றே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 3,600 ரூபாய். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் எந்த வீட்டில் அந்தப் பணம் இருக்கிறது?

பள்ளியிலாவது விளையாடுகிறாளா என்று கேட்கப் போனபோதுதான் பி.டி. மேடத்தைச் சந்தித்தேன். நேரம் ஒதுக்கி உட்கார வைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். "உங்க பொண்ணு மட்டும்னு நினைக்காதீங்கம்மா. ஆறாவதுல கத்திக்கிட்டு ஓடி வர்ற பொண்ணுங்க எட்டாவது வந்ததும் மரத்தடியில உட்கார்ந்துடுறாங்க" என்றார். 146 நாடுகளின் கணக்கை வைத்து 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வைக் காட்டினார். 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதுமான அளவு ஓடியாடுவதில்லை, பையன்களில் 78, பெண்களில் 85. அமெரிக்காவில் 9, 10 வயதுச் சிறுமிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் சொன்னார். 16, 17 வயது ஆகும்போது கறுப்பினப் பெண்களில் 56 சதவீதம் பேரும் வெள்ளையினப் பெண்களில் 31 சதவீதம் பேரும் ஓய்வு நேரத்தில் வழக்கமாக எந்த விளையாட்டும் உடற்பயிற்சியும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் சரிவு இன்னும் அதிகமாம். ஒரே நாடு, ஒரே வயது, ஆனாலும் எந்த வீட்டில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம். நம் தெருவிலும் அப்படித்தானே இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. தனியாக விளையாடச் சொன்னால் இவள் விளையாட மாட்டாள், துணைக்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் எல்லாச் சமூகமும் கலந்து வாழ்கிற இடம். கேட்கக் கேட்க ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் வந்தது. பிள்ளைகளுக்குச் சோம்பேறித்தனம், கையில் போன், அதனால்தான் விளையாடுவதில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் கேட்ட வீடுகளில் போன் பிரச்சினை இருந்தது உண்மைதான், ஆனால் முதல் காரணமாக எங்கேயும் அது வரவில்லை.

எதிர் வீட்டு பாய் மகள் எட்டாவது. அவளை விட மாட்டார்கள், கேட்டுப் பயனில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். போய்க் கேட்டால் பாயே இளவயதில் கால்பந்து ஆடியவர், சந்தோஷமாகப் பேசினார். பிரச்சினை என்னவென்றால் பிள்ளை நாலரைக்கு வீட்டுக்கு வருகிறாள், ஐந்திலிருந்து ஆறரை வரை அரபி வகுப்பு, அப்புறம் இருட்டு. "அவளுக்கு நேரமே இல்லம்மா, ஆம்பளப் பசங்க நின்னு பார்க்காத இடமா இருந்தா காலையில அனுப்புறேன்" என்றார். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கே எழுந்துவிடுகிற வீடு, காலை அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. முழுக்கை குர்த்தா, டிராக் பேன்ட், பின் போட்ட தலைமுக்காடு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்தப் பெண் ஓடுகிற வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

மாடியில் ஒரு மார்வாடி ஜைனக் குடும்பம், பெண் ஆறாவது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வழக்கம். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது, பள்ளி விட்டு வந்து, உடை மாற்றி, சாப்பிட்டு எழுந்தால் நாள் முடிந்தது. இந்த ஊரில் மாலை ஐந்து முதல் ஏழு வரைதான் பெரும்பாலான விளையாட்டு வகுப்புகள் நடக்கின்றன, அந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றுகூடச் சரிப்படாது. அவள் அம்மா தயங்கித் தயங்கி, உயிர்வதை கூடாது என்பவர்கள் நாங்கள், தோல் பந்து வேண்டாமே என்று கேட்டார். ரப்பர் பந்தும் நைலான் இறகுப்பந்தும் வாங்கினோம், முடிந்தது பிரச்சினை. கேட்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு அது தெரிந்திருக்கவே போவதில்லை, அவரும் சொல்லாமல் பிள்ளையை நிறுத்தியிருப்பார்.

மகளோடு படிக்கிற காசிமேட்டுப் பெண்ணின் கதை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்க துறைமுகம் போய்விடுவார். சோறு வடித்து, தம்பியைக் கிளப்பி, குடத்தில் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கு வருகிறாள், மாலையில் அம்மாவுக்கு மீன் கழுவிக் கொடுக்கிறாள். என் மகளைவிட அவள் உடம்பு பல மடங்கு அசைகிறது, ஒரு நாளாவது விளையாடியிருக்கிறாளா என்றால் இல்லை. அதே குடியிருப்பில் அவள் வயதுப் பையன்கள் கடலில் நீந்துகிறார்கள், மணலில் பந்து உதைக்கிறார்கள். ஒரே சமூகத்துக்குள்ளேயே ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இவ்வளவு தூரம். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த வீடுகளில் காசு புரளாது. கோடை முகாம் என்று எல்லோரும் பணம் கேட்பது சரியாக அந்த நேரத்தில்தான். பிள்ளைகளைச் சேர்த்து ஏதாவது நடத்த நினைப்பவர்கள் ஷூ கட்டாயம், சீருடை கட்டாயம் என்று தயவுசெய்து வைக்காதீர்கள்.

தையல் வேலைக்கு வந்த பீகார் குடும்பத்தில் இரண்டு பையன்கள், கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள், தமிழும் நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் தெருவில் யாரும் அவர்களை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, "ஏ ஹிந்தி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவும் மிஷினில் உட்காருவதால் கைக்குழந்தைத் தங்கையைப் பார்த்துக்கொள்வது பெரியவன் பொறுப்பு. குழந்தையையும் தூக்கிக்கொண்டு வாடா என்று சொன்னோம். யாராவது ஒரு அம்மா மடியில் அது இருக்கும், அவன் கோ-கோ ஆடுவான்.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சில வீடுகளில் முதல் கேள்வியே "வேற யார் யார் பிள்ளைங்க வர்றாங்க?" என்பதுதான். ஹவுஸிங் போர்டு பிள்ளைகளும் வருகிறார்கள் என்றதும் இரண்டு குடும்பங்கள் டியூஷன் இருக்கிறது என்று நின்றுவிட்டன. சாதி என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. நான் போய்க் கெஞ்சவில்லை. யாரையாவது விலக்கி வைத்துத்தான் இவர்களைச் சேர்க்க முடியும் என்றால் அப்படிச் சேர்ப்பது வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன், அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. நீங்கள் ஆரம்பித்தாலும் இந்தக் கேள்வி வரும், முதல் நாளே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றும் இருக்கிறது. 2009இல் வந்த சட்டம், கேட்கிற ஆள்தான் குறைவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பக்கத்துத் தெரு கார்ப்பரேஷன் பள்ளிக் குழுவில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருந்தார், அவர் மூலம் கூட்டத்தில் பேசி, காலை ஆறேகாலிலிருந்து ஏழேகால் வரை மைதானத்தைத் திறந்துவிடத் தீர்மானம் எழுத வைத்தோம். வாய்ப்பேச்சாகக் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றவர்கள், பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்ததும் ஒப்புக்கொண்டார்கள். கடிதத்தில் மூன்று விஷயம் மறக்காமல் எழுதுங்கள்: கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும், அந்த ஒரு மணி நேரம் வெளியாட்களை உள்ளே விடக் கூடாது, முறைவைத்து இரண்டு அம்மாக்கள் எப்போதும் இருப்பார்கள். கழிப்பறை பூட்டியிருந்தால் இந்த வயதுப் பெண்கள் முந்தின இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பலர் வராமல் போவதற்கு அது ஒன்றே போதும். மாதவிலக்கு நாட்களில் வருவதா, வந்தால் ஓடுவதா உட்காருவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நாப்கின் வைத்த பை ஓர் அம்மாவிடம் எப்போதும் இருக்கும், யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கறுப்பு டிராக் பேன்ட்டுக்கு மாறியது அவர்களாகப் பேசி வைத்துக்கொண்டதுதான்.

விளையாட்டு என்றால் கயிறாட்டம், கோ-கோ, ஏழு கல், நொண்டி, ரிங். தலைவர் இரண்டு பேர் ஆள் எடுக்கிற முறையை அடியோடு நிறுத்தினோம். கடைசியில் மிஞ்சி நிற்பது எப்போதும் தான்தான் என்று மகள் ஒரு நாள் சொன்னாள், கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இப்போது சீட்டுக் குலுக்கித்தான் அணி. எடை மிஷின் அந்தப் பக்கமே வரக் கூடாது. கயிறு ஒன்று 70 ரூபாய், பந்துகள், கோடு போட சுண்ணாம்பு, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து மாதம் 600 ரூபாய் ஆகிறது, முடிந்தவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். அந்த முதல் 13,000 ரூபாயை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பெரிதாக எதிர்பார்த்து ஆரம்பிக்காதீர்கள் என்று பி.டி. மேடம் முன்பே எச்சரித்தார். அமெரிக்காவில் 36 நடுநிலைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்காகவே பள்ளியையும் ஊரையும் இணைத்து ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள், மூன்று வருடம் கழித்துக் கூடுதலாகக் கிடைத்த ஓடியாடும் நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 1.6 நிமிடம்தான். கேட்டதும் சோர்வாக இருந்தது. ஆனால் எங்கள் கணக்கு சராசரிக் கணக்கு இல்லையே, பெயர் தெரிந்த சில பிள்ளைகள். மகளின் போன பரிசோதனையில் 5.6 வந்தது. சாப்பாட்டு மாற்றமும் இதில் சேர்ந்ததுதான், விளையாட்டு மட்டுமே செய்தது என்று சொல்ல மாட்டேன். கழுத்துக் கருப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை, மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர்.

ரம்ஜான் மாதத்தில் பாய் மகள் நோன்பு வைக்கிறபோது வெறுமனே வந்து பாயின்ட் எழுதுவாள், அது போதும். மழைக்காலத்தில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் வராந்தாவில் கயிறாட்டம். காசிமேட்டுப் பெண்ணுக்குத்தான் இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. காலை அவளுக்கு ஆகாது, ஞாயிறு மட்டும் எப்போதாவது வருகிறாள். ஏழாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தினால் பள்ளி நேரத்துக்குள்ளேயே அவளுக்கு வாரம் இரண்டு முறை கிடைக்கும். அதை எழுத்தில் கேட்டு மகளின் பள்ளிக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம், அவள் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற பெற்றோரிடம் இந்த வாரம் வாங்குகிறோம்.